சிந்து கேட்ட கேட் பாஸ்

சட்டைக்குக் காலர் வைக்கும் வரிசையில் குளோரியாவுக்குப் பக்கத்து மெஷின் சிந்துவுடையது. ஓசூர் ரோட்டிலிருந்த அந்தக் கார்மென்ட்ஸ் ஃபாக்டரிக்கு இருவரும் ஈஜிபுராவிலிருந்து ஒரே வேனில் வருவார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து சிந்துவுக்கு இப்போது ஐந்தாம் மாதம். புருஷன் கிஷோருக்கு அடுத்தபடி அவள் விஷயத்தைச் சொன்னது குளோரியாவிடம்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆர்டர் லாரி ஏற வேண்டும். மணிக்கு எண்பது பீஸ் முடித்தாக வேண்டும். பத்தரை மணிக்கு சிந்து மெஷினை நிறுத்தினாள்.

"அக்கா, அடிவயிறு இழுத்துப் பிடிக்குது. வெளியே போக கேட் பாஸ் கேக்கட்டா?"

குளோரியா நிமிரவில்லை. ஒருத்தி எழுந்தால் வரிசையே தேங்கிவிடும். முந்தின நாள்தான் சூப்பர்வைசர் ராஜேஷ்குமார் அத்தனை பேர் முன்னால் குளோரியாவை, "தூங்கறதுக்கா வர்றே?" என்று கேட்டிருந்தார்.

"சாப்பாட்டு பெல் அடிக்கட்டும்டி. ரெண்டு மணி நேரம்தானே, பல்லைக் கடிச்சுக்கோ."

சிந்து மறுபேச்சுப் பேசாமல் தைத்தாள். பதினொன்றரைக்கு குளோரியா திரும்பியபோது அவள் மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். ஸ்டூலெல்லாம் ரத்தம். குளோரியா போட்ட கூச்சலில், "ஆட்டோ கரீரி, பேகா!" என்று சீக்கிரம் ஆட்டோ கூப்பிடச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியவர் அதே ராஜேஷ்குமார்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் குழந்தை தங்கவில்லை.

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா, டாக்டர்?" என்று கேட்டாள் குளோரியா.

"சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம்."

கிஷோர் வேலையை விட்டு ஓடிவந்து குளோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க கூட இருந்ததால இவளாவது எனக்கு மிஞ்சினாக்கா."

நான்கு நாள் தள்ளி சிந்துவின் வீட்டுக்குப் போனாள். பாயில் படுத்திருந்தவளின் காலடியில் உட்கார்ந்தாள்.

"நான்தான்டி உன்னை உக்கார வெச்சேன். நான் ஏச்சு வாங்கக் கூடாதுன்னு."

சிந்து கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பொண்ணாம்கா. நர்ஸ் சொன்னாங்க."

குளோரியா அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். சிந்து காலை இழுத்துக்கொள்ளவில்லை. அழவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் சிந்துவும் கிஷோரும் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் குளோரியாவுக்குத் தெரிந்தது. எங்கே போனார்கள் என்று அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை.