ஒரு தட்டு பால்கோவா

கௌதம்ராஜ் முகத்தில் காரித் துப்பத்தான் மாரிக்கனி முதன்முதலில் அந்த வீட்டுப் படியேறினாள். கதவைத் திறந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கசாயம் போடும் வேலைக்கு வந்திருக்கிறாயா, சுத்தமாக இருப்பாயா என்று கேட்டார். அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையாட்டினாள். துப்பினால் துடைத்துக்கொண்டு போய்விடுவார், உள்ளேயே இருந்தால் என்றைக்காவது வசமாகச் சிக்குவார் என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது.

இராஜபாளையத்தில் கௌதம்ராஜைத் தெரியாத செல்போன் கிடையாது. 'வேர்வழி' என்று யூடியூபில் ஒரு சேனல் வைத்திருந்தார். விடிந்ததும் வெள்ளை ஜிப்பாவோடு வந்து உட்கார்ந்துகொள்வார். வெந்தயத்தை ஊறப்போடுங்கள், நல்லெண்ணெயில் வாய் கொப்பளியுங்கள், செருப்பில்லாமல் மண்ணில் நடங்கள், கோபம் வந்தால் மூச்சை இழுத்து மெல்ல விடுங்கள், ராத்திரி போனைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சீக்கிரம் படுங்கள் என்பார். இதில் என்ன குற்றம்? ஒன்றும் இல்லை. மாரிக்கனிக்கே அவர் சொன்ன முருங்கைக்கீரைச் சாற்றில் கிறுகிறுப்பு நின்றது. அந்த ஆளை நினைத்தால் அவளுக்கு வயிறு எரிவதே அதனால்தான். இத்தனை நல்லதைச் சொல்லி நம்ப வைத்துவிட்டு, அதோடு அதாக ஒரு துளி விஷத்தையும் கலந்து கொடுத்தார் அந்த மனிதர். சர்க்கரைக்கு மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், ஆவாரம்பூக் கசாயம் போதும் என்றார்.

அவள் வீட்டுக்காரர் கருத்தையா பேண்டேஜ் தறி ஓட்டியவர். ஆஸ்பத்திரியில் ஊசி எழுதிக் கொடுத்த அன்று, நேரலை நிகழ்ச்சிக்குப் போன் போட்டு ஐயாவிடம் யோசனை கேட்டார். "ஊசி போட்டா ஆயுசுக்கும் அடிமை. தூக்கி எறிங்க கருத்தையா" என்றார் கௌதம்ராஜ். தன் பெயரை ஊர் உலகமெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டாரே என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தறிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த வீடியோவை அனுப்பினார். அடுத்த தீபாவளிக்குள் வலது காலில் புண் வந்தது. கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள் என்று சேனலில் பதில் வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கட்டுத்துணி நெய்த மனுசனின் மொட்டைக் காலுக்கு மாரிக்கனி கட்டுப் போட்டாள்.

அப்போதாவது புத்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஐயா சொன்னபடி பத்தியம் இருக்கவில்லை, ஒளித்து டீ குடித்தேன், தப்பு என்னுடையது என்று கருத்தையா தன்னையே நொந்துகொண்டார். இப்போது இடது கால் கட்டைவிரலிலும் கொப்புளம். ஊசி போடாவிட்டால் இந்தக் காலும் போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மருந்தை வாங்கிவந்து, வீட்டில் பிரிட்ஜ் இல்லாததால் சூடு படாமல் டப்பாவில் வைத்துத் தண்ணீர்ப் பானைக்குள் இறக்கி வைத்திருந்தாள் மாரிக்கனி. அழுதாள், திட்டினாள், சோறு பொங்காமல் கிடந்தாள். அவர் அசையவில்லை. ஐயா சொல்லட்டும், போட்டுக்கொள்கிறேன் என்றார்.

இந்த நிலையில்தான் அவள் கசாயம் போடப் போனாள். போன கொஞ்ச நாளிலேயே, ஐயா வீட்டு பிரிட்ஜைத் துடைக்கும்போது கற்றாழைக்குப் பின்னால் ஒரு பனங்கற்கண்டு டப்பா கையில் தட்டுப்பட்டது. திறந்து பார்த்தாள். கற்கண்டு இல்லை. பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசிகள் வரிசையாகக் கிடந்தன. படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கருத்தையா பார்த்துவிட்டு, வேறு யாருக்காவது வாங்கி வைத்திருப்பார், நல்ல மனுசன் மேல் பழி போடாதே என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் மாரிக்கனி முடிவு செய்தாள். இது படத்தில் முடிகிற காரியம் இல்லை, அந்த வாயிலிருந்தே வரவேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்க்கரைக்காரர்களுக்காக நடத்தும் முகாமில் கௌதம்ராஜுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையில் உட்கார்ந்து ஒரு தட்டு பால்கோவாவைச் சாப்பிட்டுக் காட்டுவார். உங்களைப்போல நானும் சர்க்கரைக்காரன்தான், பன்னிரண்டு வருசமாக மருந்து தொட்டதில்லை, பாருங்கள் என்பார். கைதட்டல் மண்டபத்தைப் பிளக்கும். மேடையேறும் முன் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பால்கோவாவுக்குத் தக்கபடி தாராளமாக ஊசி போட்டுக்கொள்வார் என்பது மாரிக்கனிக்கு மட்டும் தெரியும். அவர் ஏறிய கையோடு தட்டைக் கொண்டுபோய் வைப்பது அவள் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. வெள்ளைச் சர்க்கரை விஷம் என்பதால் பிஸ்கட், மிட்டாய், கலர் பாட்டில் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வெளியே அனுப்பிவிடுவார்கள். கௌதம்ராஜ் கதவைச் சாத்தினார், திறந்தார், கும்பிட்டபடி மேடையேறினார். கேமராக்காரர் ஜெபின் நேரலையை ஆரம்பித்தார். இராஜபாளையத்தில் கட்டிலில் சாய்ந்துகொண்டு கருத்தையா பார்த்துக்கொண்டிருப்பார். நேரலை என்றால் அவர் சோறு தண்ணி தேடமாட்டார்.

மாரிக்கனி தட்டை மடியில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கௌதம்ராஜ் மனஅமைதி பற்றிப் பேசினார். இடையிடையே அவளைப் பார்த்தார். பால்கோவா வருமுன்னே எனக்கு வாயூறுகிறது என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். அவள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஜிப்பா முதுகோடு ஒட்டியது. மூச்சுப் பயிற்சியைச் சொல்ல ஆரம்பித்தவர் இழுக்கச் சொன்னார், விடச் சொல்ல மறந்துவிட்டார். விரல்கள் மைக்கின் மேல் தாளம் போட்டன. ஊசி போட்ட உடம்புக்குள் இனிப்பு போகாததால் சர்க்கரை சர்ரென்று இறங்குகிறது. கருத்தையாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு இப்படி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன், அத்தனை சுகமாக அவள் பல மாதங்களாக எதையும் பார்த்ததில்லை.

அவர் நாற்காலியில் சரிந்ததும் முன்வரிசை மேடைக்கு ஓடியது. ஐயா கற்றுக்கொடுத்ததை எல்லாம் ஐயாவுக்கே செய்தார்கள். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒரு அம்மாள் ஆவாரம்பூக் கசாயத்தை வாயில் ஊற்றினாள். இன்னொருவர் பாகற்காய்ச் சாறு நல்லது என்று பாட்டிலைத் திறந்தார். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியதைக் கழிவு வெளியேறும் அறிகுறி என்று யாரோ விளக்கினார்கள். மண்டபம் முழுக்கத் தேடினாலும் ஒரு மிட்டாய் அகப்படாது. இருந்த இனிப்பு அத்தனையும் மாரிக்கனி மடியில் இருந்தது.

"மாரி... தட்டு..." என்றார் கௌதம்ராஜ். நாக்குத் தடித்திருந்தது.

அவள் எழுந்து போனாள். மேடையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மைக்கை எடுத்து அவர் வாய்க்கருகே பிடித்தாள். தட்டை அவர் கைக்கு எட்டாமல் இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"தாறேன் ஐயா. மேடையேறுமுன்ன கதவச் சாத்திட்டு வயித்துல என்ன போட்டிய? அதச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

அவர் அவளை முறைத்தார். அந்த நிலையிலும் முறைக்கத் தெரிந்தது. ஜெபின் இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து கேமராவை நெருக்கமாகக் கொண்டுவந்தார். தட்டைக் கொடம்மா என்று ஒருவர் கையை நீட்டினார். ஐயா வாயால் கேட்டால்தான் கொடுப்பேன் என்று அவள் ஓரடி பின்னால் போனாள். செத்துத் தொலைந்தால் என்ன செய்வது என்று ஒரு கணம் உள்ளே கேட்டது. செத்தால் சாகட்டும் என்றும் உள்ளேயே பதில் வந்தது. ஆனால் சொல்லாமல் செத்தால் கருத்தையா இந்த ஆளின் படத்துக்கு மாலை போடுவார். அந்த நினைப்புதான் அவளைப் பதற வைத்தது. பால்கோவாவில் ஒரு துண்டைக் கிள்ளி அவர் உதட்டுக்கு முன்னால் நீட்டினாள். நெய் வாசம் அவர் மூக்கில் ஏறியது.

"இன்சுலின்" என்றார் கௌதம்ராஜ். ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோனது.

"எம்புட்டு வருசமா?"

"பன்னிரண்டு."

"பேண்டேஜ் தறிக்காரர் கருத்தையா, ஊசி போடலாமான்னு ஒங்ககிட்டக் கேட்டாரே. இப்பச் சொல்லுங்க. போடணுமா, வேண்டாமா?"

"போடணும்... போடச் சொல்லு... குடு தாயி."

அவள் துண்டை அவர் வாய்க்குள் வைத்தாள். பிறகு இன்னொன்று, இன்னொன்று. அவர் குழந்தை மாதிரி வழித்து விழுங்கினார். மேடையில் இருந்தவர்கள் அவர் காலை விட்டுவிட்டு நின்றார்கள். கசாயம் ஊற்றிய அம்மாள், என் மகனுக்கும் ஊசியை நிறுத்திவிட்டேனே பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாமோ என்று மாரிக்கனிக்கு இருந்தது. வெறும் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, மண்டபத்தில் எழுந்த கூச்சலுக்கு நடுவே இறங்கி நடந்து, இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டில் கருத்தையா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போன் கட்டிலுக்கடியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவியளுக்குச் சரியாயிருச்சா?" என்று கேட்டார் அவர்.

மாரிக்கனிக்குச் சுர்ரென்று ஏறியது. ஒற்றைக் காலோடு கிடக்கிற மனுசனுக்கு இன்னும் அந்த ஆளின் மேல்தான் கவலை. எழுந்திருச்சு உக்காந்துட்டாரு என்று மட்டும் சொன்னாள்.

கருத்தையா மெல்லத் திரும்பினார். சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கினார். "அந்தப் பானையில வச்சிருந்தியே, அத எடு. ஐயாவே சொல்லிட்டாகள்லா."

அவள் பானைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்தாள். மருந்தை ஊசியில் இழுத்தாள். காலைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சு குளிர்ந்தது. அதே நெஞ்சில் வேறொன்றும் எரிந்தது.

"நான் கால்ல விழுந்து சொன்னேன். கேக்கல. அந்தாளு ஒரு வாய் சொன்னதும் சட்டையத் தூக்குதிய" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலிக்காமல் எப்படிப் போடுவது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மாரிக்கனி அதில் ஒன்றையும் மறக்கவில்லை. ஆனாலும் அந்த முதல் ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.