அடுப்பில்லாத வாசல்

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடிவிட்டார்கள். லைன் வீட்டைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்தாயிற்று. ரீபாவின் சாமான்கள் அம்பாசமுத்திரம் போகும் லாரியில் ஏறிவிட்டன. அதே லைனில் இருந்த ஹெப்ரானின் தகரப் பெட்டி வள்ளியூர் வேனில் இருந்தது. நான்கு மணிக்கு வனத்துறைச் சோதனைச்சாவடியை அடைத்துவிடுவார்கள்.

"ஏட்டி, ஹெப்ரான் கேட்டானா?" என்று ரீபாவிடம் கேட்டாள் சித்தி சாலோமி.

"ரெண்டு தடவ கேட்டாரு. 'ஒங்க அடுப்புல எனக்கும் ஒரு கட்டஞ்சாயா கெடைக்குமா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு தடவயும் 'வெறகு ஈரமா இருக்கு'ன்னுட்டேன்."

மலையில் பெண் கேட்பது அப்படித்தான். அடுப்பு எரிகிற வீட்டு வாசலில் நின்று, மூன்று வெவ்வேறு நாள் அதையே கேட்க வேண்டும். முதல் இரண்டு நாளும் ஈர விறகு. பிடித்திருந்தால் மூன்றாம் நாள் பாலில்லாத அந்தச் சாயா. முதல் நாளே சாயா கொடுத்தவளை லைன் முழுக்க மென்று துப்பிவிடும்.

"இன்னைக்கு மூணாவதுலா?"

"ஆமா. அங்கனயே நிக்காரு பாருங்க. வர மாட்டேங்காரு."

"எப்படி வருவான்? அடுப்பும் இல்ல, வாசலும் இல்ல. மொற தப்பிக் கேட்டா வெளங்காதுன்னு அவங்கம்மா வளத்த வளர்ப்பு."

"ஞாயித்துக்கெழம அவரு அண்ணன் வள்ளியூர்ல இவருக்குப் பொண்ணு உறுதி பண்ணுதாராம், சித்தி."

"அப்ப மொதல்லயே சரின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா."

"சொல்லிருந்தா நீங்கதான் மொத ஆளா ஏசிருப்பீங்க."

சாலோமி பாத்திரச் சாக்கோடு லாரியின் பின்பக்கம் ஏறிக்கொண்டாள்.

லாரி டிரைவர் காஜா முகைதீன் இஞ்சினைக் கிளப்பினார். "ஏறுங்கம்மா. கேட்ட அடைச்சா விடியுற வரைக்கும் யானையோடதான் பேசிக்கிட்டிருக்கணும்."

ரீபா ஏறவில்லை. வேனை நோக்கி நடந்தாள்.

"எங்கட்டி போற? பொம்பள கேக்கப்பிடாது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேனைச் சுற்றி நின்றவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. ஹெப்ரான் வேன் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"ஒங்க அடுப்புல எனக்கும் ஒரு கட்டஞ்சாயா கெடைக்குமா?" என்றாள் ரீபா.

அவன் வாய் தானாகத் திறந்தது. "வெறகு ஈரமா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். ரீபாவின் முகம் சுண்டிப்போனது.

"ரீபா, நான் வேணும்னே சொல்லல. கேட்டா மொதல்ல அதத்தான சொல்லணும்? வாயில வந்துட்டு."

"அப்ப நானும் மூணு நாளு கேக்கணுமோ?"

"கேக்காண்டாம்."

"ஞாயித்துக்கெழம யாரு வீட்டுச் சாயா குடிக்கப் போறீங்க?"

வேன் டிரைவர் ஹாரனை அழுத்தினார். "ஏறுதீரா இல்லியா வே?"

ஹெப்ரான் தன் பெட்டியை இழுத்தான். அது எல்லோருடைய மூட்டைகளுக்கும் அடியில் கிடந்தது. இரண்டு இழுப்பில் வரவில்லை. விட்டுவிட்டான்.

"பெட்டி போவட்டும். எங்கண்ணன்ட்ட குடுத்துரும். ஞாயித்துக்கெழம நான் வரமாட்டேன்னும் சொல்லிரும்" என்றான் வேன் டிரைவரிடம்.

லாரிக்கு ஓடி ரீபாவை முதலில் ஏற்றிவிட்டு, நகரத் தொடங்கியிருந்த லாரியின் பின்பலகையைப் பற்றி அவனும் தொற்றினான்.

"சித்தி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"மாத்துத் துணிகூட இல்லாம வாரியேலே" என்றபடி, சாலோமி பாத்திரச் சாக்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.