பொம்மைக்கு உசுரு வந்த ஞாயித்துக்கிழமை

என் பேரு அம்மாக்கண்ணு. கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பிள்ளைக்காம்பரா ஆயம்மா. கொழுந்துக்குப் போற தாய்மாருங்க காலையில புள்ளைகளக் கொண்டாந்து என்கிட்ட விடுவாங்க, அந்தியில தூக்கிட்டுப் போவாங்க. அதுக்கப்புறம் தொட்டிலெல்லாம் காலி. கலியாணம் காட்சின்னு எனக்கு எதுவும் நடக்கல. இருபத்து மூணு வருசமா இதே கதைதான்.

தனுஷிகா மட்டும் அந்தியிலயும் போகல. அவ பத்து மாசக் கைக்குழந்தையா இருக்கையில அம்மாக்காரி ஜெயந்தினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா. அப்பன் கொழும்புல கடையில நிக்கிறான், தீபாவளிக்கு வருவான். "அக்கா, ரெண்டு வருசந்தான்"னு கும்பிட்டுட்டுப் போனவ ஏழு வருசமா வரல. புள்ள என்கிட்டயே வளந்துச்சு. சரியான அடங்காப்பிடாரி. நில்லுன்னா ஓடும், சாப்புடுன்னா தூங்கும். நான் சொன்ன பேச்ச ஒரு நாளாச்சும் கேட்டதில்ல.

இந்த வருசம் கொழும்புல இருந்து ஒரு பாலேக் குழு வந்துச்சு. வெள்ளைக்காரங்க நாட்டுல ரொம்பக் காலமா ஆடுற சிரிப்பு நாட்டியமாம். குடும்பம் குடும்பமா வந்து பாருங்க, டிக்கெட் கெடையாதுன்னாங்க. ஒரு கெழவன் பொம்மை செய்வான். அதுக்கு உசுரு வந்துருச்சுன்னு நம்பி ஏமாந்து போவான், அவ்வளவுதான். பொம்மையா ஒக்கார தோட்டத்துப் புள்ளைக எட்டுப் பேர எடுத்தாங்க, தனுஷிகாவும் அதுல ஒருத்தி. கடைசிப் பாட்டுல பொம்மைக எறங்கி வந்து, அவங்கவங்க வீட்டாளு ஒருத்தரக் கையப் புடிச்சு ஆட இழுத்துட்டுப் போகணும்.

"நான் ஒன்னையத்தான் இழுப்பேன் ஆயம்மா"ன்னா.

"போடி, எனக்கு மூட்டு வலி"ன்னேன். ஆனா அன்னைக்கே புதுச் சேலைக்கு பிளவுஸ் தைக்கக் குடுத்துட்டேன்.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில ஜெயந்தினி பெட்டி பெட்டியாச் சாமானோட வந்து எறங்கிட்டா. புள்ள என் சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

மூணாம் நாளு ஜெயந்தினி காம்பரா வாசப்படியில ஒக்காந்து அழுதா. "போன்ல அம்மான்னு கூப்புட்டவ, நேர்ல ஆன்ட்டிங்குறாக்கா."

விட்டுட்டுப் போனவளுக்கு நல்லா வேணும்னுதான் மொதல்ல தோணுச்சு. அப்புறம் அவ கையப் பாத்தேன். சோப்புல ஊறி வெடிச்சுப் போன கை. எனக்கு இருந்த கோவம் எங்க போச்சுன்னே தெரியல.

ஞாயித்துக்கிழமை காலையில தனுஷிகாவுக்கு ரிப்பன் கட்டிக்கிட்டே சொன்னேன்: "இன்னைக்கு ஒங்கம்மா கையத்தான் புடிக்கணும். எங்கிட்ட வரக் கூடாது."

"முடியாது."

"சொன்னாக் கேளுடி."

மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. இவ எங்க கேக்கப் போறான்னு நெனச்சுக்கிட்டே நான் புதுச் சேலையக் கட்டுனேன்.

மைதானத்துல ஒரே பனி. கொழுந்து பறிக்கையில இடுப்புல கட்டுற படங்குத் துணிய விரிச்சு, வீட்டுக்கு ஒரு படங்குன்னு சனம் ஒக்காந்திருந்துச்சு. எனக்கு ஏது படங்கு? காம்பராப் பாய எடுத்துட்டுப் போயி எல்லாருக்கும் பின்னாடி விரிச்சேன். எல்லாப் படங்குலயும் என் மடியில கெடந்த புள்ளைகதான். ஒண்ணும் திரும்பிப் பாக்கல. தப்புச் சொல்ல முடியாது, அதுகளுக்கு மேடையில கண்ணு.

கெழவன் பொம்மைக்கு ஊட்டி விட்டான், தோள்ல சாச்சுக்கிட்டான். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. பாவம், அவனுக்கு வீட்டுல வேற யாரு இருக்கா?

கடைசிப் பாட்டு வந்துச்சு. தனுஷிகா மேடைப் படியில நின்னு கூட்டத்துல தேடுனா. என்னையப் பாத்துட்டா. நான் எந்திரிச்சிட்டேன். காலையில சொன்னதெல்லாம் மறந்து போச்சு. சேலைய ஒதறிவிட்டுக் கையக்கூட நீட்டிட்டேன்.

ஓடியாந்தவ முன்னாடிப் படங்குகிட்ட நின்னா. குனிஞ்சு ஜெயந்தினி கையப் புடிச்சா.

ஜெயந்தினி முந்தானையில மூஞ்சப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போனா. அவளுக்கு ஆடத் தெரியல, காலு பின்னிக்கிச்சு. புள்ள சிரிச்சா. என்கிட்ட சிரிக்கிற அதே சிரிப்பு.

நீட்டுன கைய என்ன பண்றதுன்னு தெரியாம, குனிஞ்சு பாயச் சுருட்டுனேன். ஏழு வருசத்துல ஒரு பேச்சுக் கேக்காத புள்ள, அன்னைக்குன்னு பாத்துக் கேட்டுருச்சு.