டப்பா காலியாக இருக்கக் கூடாது

அந்த உயிரியல் பூங்காவில் மாதம் இருமுறை ஒவ்வொரு பறவையின் எச்சத்தையும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அந்த அம்மா நுண்ணோக்கியில் வைத்துப் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். டப்பா காலியாகப் போனால் பராமரிப்பாளன் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். எச்சமிடாத பறவையை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதற்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

ஈமுக்களில் அடைகாப்பது ஆண். பூங்காவிலும் ஒன்று அடையில் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்காத அந்த மகானுக்குப் பராமரிப்பாளன் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தான். ஒரே வித்தியாசம், இந்த மாப்பிள்ளை எட்டு வாரம் சாப்பிடாது. உள்ளே ஒன்றும் போகாதபோது வெளியே என்ன வரும்? அது உட்கார்ந்த குழியில் ஐந்து பச்சை நிற முட்டைகள். பொரிந்தால் பூங்காவின் முதல் ஈமுக் குஞ்சுகள். தினமும் அவற்றை எண்ணிவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போவான்.

"நம்ம புள்ளைங்க பொறந்தப்ப ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. இப்ப ஈமுவுக்குப் பிரசவம் பாக்கறாராம்!" என்பாள் மனைவி.

மயில் கூண்டில் எச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு கரண்டி எடுத்து மாப்பிள்ளையின் டப்பாவில் போட்டான். யாருக்கு என்ன நஷ்டம்? 'புழு இல்லை' என்று அறிக்கை வந்தது. அடுத்த முறையும் அதே மயில், அதே அறிக்கை. மயிலின் ஆரோக்கியத்துக்கு ஒரு குறையுமில்லை.

ஆறாவது வாரம் மாப்பிள்ளை கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறியது. மருத்துவர் அறிக்கைகளைப் புரட்டினார்.

"ரெண்டு தடவையும் சுத்தமா இருக்கு. மூச்சுக்குழாய்ப் புழுவா இருந்தா எச்சத்துல முட்டை வந்திருக்கும். அப்ப புழு இல்ல. நுரையீரல்ல பூஞ்சையாத்தான் இருக்கும்."

பூஞ்சைக்கு நான்கு நாள் மருந்து. நான்கு நாளும் அவன் வாயில் கொழுக்கட்டை. ஐந்தாம் நாள் மாப்பிள்ளையின் தலை தரையில் சாய்ந்தது. அவன் மருத்துவரிடம் ஓடினான்.

"மேடம்... அது மயிலோடது."

"எது?"

"டப்பாவுல இருந்தது. மாப்பிள்ளை ஒண்ணுமே போடல மேடம். காலியாக் குடுத்தா திட்டுவாங்கன்னு..."

மருத்துவர் அவனைப் பார்த்த பார்வையில் நூறு வசவு இருந்தது. திட்ட நேரமில்லை. மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வாயைத் திறந்து தொண்டைக்குள் பார்த்தார். மூச்சுக்குழாயில் சிவப்புச் சிவப்பாகப் புழுக்கள். இடுக்கியால் எடுத்து, புழு மருந்து கொடுத்து, சிகிச்சை அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். முட்டைகளைச் சூட்டில் வைக்கப் பொரிப்பான் இயந்திரம் இருந்தது. பழுதாகி இரண்டு வருடமாக, மிகப் பத்திரமாக இருந்தது.

மாப்பிள்ளை பிழைத்துவிட்டது. ஆறு நாள் கழித்துக் கூண்டில் விட்டதும் நேராகக் குழிக்குப் போய், ஜில்லிட்ட முட்டைகளை அலகால் புரட்டி அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"எல்லாம் செத்துப்போச்சு. எடுத்துடு. இல்லன்னா இது பட்டினி கிடந்தே போயிடும்," என்றார் மருத்துவர்.

அவன் மண்டியிட்டுக் கையை நீட்டினான். அடைகாக்கும் ஈமு யாரையும் கிட்டே விடாது, எட்டி உதைக்கும். மாப்பிள்ளை உதைக்கவில்லை. தெரிந்தவன் கைதானே என்று, முட்டைகளை அவன் தொட்டுப் பார்க்க வாகாக உடம்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது.