புருவத்து வெட்டு

எனக்குத் தொடர்கதையில் அக்கறை கிடையாது. வியாழக்கிழமை வார இதழ் வந்தால் படத்தை மட்டும் பார்ப்பேன். கதாநாயகி பணக்காரியோ நர்ஸோ, யாராக இருந்தாலும் அவள் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கும். எனக்கு இருப்பதுபோலவே. பிறந்த ஊரான பாலாவில், ஒன்பது வயதில், மாங்காய்க்குக் கல்லெறிந்து அந்த வெட்டை எனக்குக் கொடுத்தவன் தங்கச்சன். இந்தப் படங்களை வரைகிறவனும் அவன்தான். "படம் போடுறவனுக்கா பொண்ணு?" என்று என்னைப் பெற்ற அப்பச்சன் கேட்டதோடு எங்கள் கதை முடிந்தது. ரப்பர் வியாபாரி குரியாச்சனுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள்.

ஏழு வருஷமாக, மீனோடு சேர்த்து அந்த இதழையும் வாங்கி வந்தவர் என் புருஷன்தான். மகராசன், ஒருநாள்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை! கோட்டயத்தில் இதழ் ஆபீஸில் ஒருவன் வாரம் ஒருமுறை என்னை நினைக்கிறான். அதை வைத்துக்கொண்டுதான் மாமியாரின் வாய்க்கு ஈடுகொடுத்தேன்.

எண்பத்து நாலாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின அம்பது நோம்பு தொடங்கியபோது அந்த மாமியார் சட்டம் போட்டார்.

"மீனும் இறைச்சியும் மட்டும் விட்டா போதாது. இந்தக் காதல் கண்றாவியையும் விடணும்."

வந்த இதழ்களையெல்லாம் தன் பெட்டியில் பூட்டிவிட்டார். இறைச்சிக்கு நான் ஏங்கவில்லை. அவன் வரைந்த என் முகத்துக்கு ஏங்கினேன்.

ஈஸ்டர் அன்று பெட்டி திறந்தது. அப்பத்தையும் கோழிக்கறியையும் அப்படியே விட்டுவிட்டு ஏழு இதழ்களையும் கட்டிலில் பரப்பினேன். முதல் மூன்றில் நான் இருந்தேன். நான்காவதில் அதே கதை, அதே நாயகி. புருவம் முழுசாக இருந்தது. கன்னத்தில் குழி.

நாத்தனார் மோளிக்குட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்ன சேச்சி, இவ புருவத்து வெட்டு நோம்புல ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு போலடி."

"படம் போடுறவர் உங்க ஊராமே? மூணு வாரப் படத்தை முன்னாடியே வரைஞ்சு கொடுத்துட்டு, நோம்புக்கு முந்தின வாரம் கல்யாணம் பண்ணிக்கிட்டாராம். பொண்ணு என்கூடப் படிச்சவ. சிரிச்சா கன்னத்துல குழி விழும்."

வயிறு எரிந்தது. நான் புருஷனோடு குடும்பம் நடத்துவேனாம், ரெண்டு பிள்ளை பெறுவேனாம், அவன் மட்டும் கட்டக் கூடாதாம். நியாயமில்லைதான். இருந்தாலும் எரிந்தது.

அவள் போனதும் குரியாச்சன் வந்தார்.

"என்னடி, கண்ணு கலங்கியிருக்கு?"

"கதைதான், அச்சாயா."

"அப்படி என்ன கதை? சொல்லேன், கேக்குறேன்."

கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஏழு வருஷத்தில் முதல்முறையாகக் கேட்கிறார். எனக்கோ ஒரு வரி தெரியாது. முதல் இதழை எடுத்து, படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.