ரெண்டும் சேத்துத்தான்

மூன்றாம் நாள் வெங்கடேஸ்வரிக்கு வலிப்பு வந்தது. அண்ணன் பாண்டிதுரை வீட்டு அடுப்படியில் பாத்திரங்களோடு சரிந்து விழுந்தாள்.

அவன் போலீஸில் ஏட்டு. தங்கச்சி குடிக்கிறாள் என்று தெரிந்ததும் ராஜபாளையத்தில் அவள் வாடகை வீட்டுக்குப் போய், பிராந்தி பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்து, மாத்திரை அட்டைகளையும் அள்ளி எறிந்துவிட்டு, "இன்னையோட முடிஞ்சுது" என்று அவளைக் கூட்டிவந்து பூட்டிவைத்திருந்தான்.

இப்போது காரில் ஏற்றினான். உள்ளூர் ஆஸ்பத்திரியில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டான்.

"ஏட்டி, அல்சர்னு சொல்லு. சாப்பிடாமக் கெடந்து மயக்கம் வந்துட்டுன்னு சொல்லு. வேற வாயத் தொறக்காத."

அவள் கார் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். புருஷன் லாரியில் அடிபட்டுப் போன பிறகு, பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் இரண்டு ஷிப்ட் நின்றாள். இடுப்பு வலிக்கு மாத்திரை, பிறகு தூக்கத்துக்கு மாத்திரை, அதுவும் கேட்காமல் போனபோது பிராந்தி. கேட்க நாதியில்லாத காலத்தில் வராத மானம் இப்போது எங்கிருந்து வந்தது?

டாக்டர் அனுசியா கேட்டதும் பாண்டிதுரை முந்திக்கொண்டான். "அல்சருங்க."

"இல்ல டாக்டரம்மா," என்றாள் வெங்கடேஸ்வரி. நடுங்கும் கைகளை மேசைமேல் எடுத்து வைத்தாள். "குடிக்கேன். தூக்க மாத்திரையும் போடுதேன். ரெண்டும் சேத்துத்தான்."

"ஏட்டி!"

"இருக்கப் பிரியமில்லன்னா வெளிய போ அண்ணே. சீக்கு எனக்கு. நான்தான் சொல்லணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை மாத்திரையையும் சொன்னீங்க. ரெண்டும் மூளைய ஒரே மாதிரி அமுக்கும். சேர்ந்தா மூச்சே நின்னுபோகும். ரெண்டையும் ஒரேயடியா நிறுத்தினாலும் ஆபத்து. அதான் வலிப்பு. உள்ள வச்சு, மருந்து குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். இடுப்பு வலியையும் மனசையும் கூடவே பார்க்கணும். விட்டா திரும்பப் பழைய இடத்துக்கே இழுத்துட்டுப் போயிரும்."

பாண்டிதுரை முகம் வெளுத்தது. ஆனாலும் வராண்டாவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினான். "பொம்பளைக்குக் குடி வைத்தியம்னா ஊரு காறித் துப்பும். செண்பகத்தோப்புப் பக்கம் ஒருத்தர் ரகசியமா மருந்து குடுக்காராம். வா, போயிருவோம்."

"நீ குடிச்சுட்டு வந்தா டியூட்டி அசதிங்கே. நான் குடிச்சா குடும்ப மானமா? போ அண்ணே. நான் இங்கதான் கெடப்பேன்."

கிடந்தாள். வியர்த்துக் கொட்டியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகக் கத்தினாள். நர்ஸைக்கூடத் திட்டினாள். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியபோது பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கினாள்.

ஆனால் தீபாவளிக்கு மறுநாள் சறுக்கிவிட்டாள். ஒரு கிளாஸ்தான். விடிந்ததும் அழவில்லை, ஒளியவில்லை. முகம் கழுவிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

மனநலப் பிரிவின் முன்னால் வரிசை முழுக்க ஆண்கள். அவர்களைக் கூட்டிவந்த பெண்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் நின்ற ஒருத்தர் அந்தப் பெண்கள் பக்கம் போக வழிவிட்டு, "யார கூட்டியாந்திருக்க தாயி? வீட்டுக்காரரையா?" என்றார்.

"யாரையும் கூட்டியாரல," என்றாள் வெங்கடேஸ்வரி, எல்லோருக்கும் கேட்கும்படி. "வைத்தியம் எனக்கு. செத்தத் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். அவள் வரிசையில் தன் இடத்தில் நின்றாள்.