அறுபத்தொரு சதவீதம்

புது மின்சாரக் கார் வந்து பதினெட்டு நாளாகிறது. அவள் ஓட்டுகிறாள், கணவன் தன் கைப்பேசியில் உள்ள கார் செயலியில் அதன் சார்ஜைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஆலையில் அவன் மின்பிரிவு மேற்பார்வையாளன். ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் கை தானாக சுவிட்சுக்குப் போகும். காரும் அவனுக்கு அப்படித்தான்.

"நேத்து ஏன் ரெண்டு சதவீதம் கூடக் குறைஞ்சுது? எங்க சுத்தின?" என்பான், சாப்பிட உட்காரும்போதே.

"மாமியார் இல்லாத குறை தீர்ந்துது போங்க" என்பாள் அவள்.

அன்று அவள் அப்பாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. கண் கட்டின்மேல் வியர்வையும் தூசியும் படவே கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். மருந்துக்கடையில் நீண்ட வரிசை. அப்பாவைக் காரில் உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

இருபது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து அனல் அடித்தது. அப்பாவின் சட்டை தொப்பலாக நனைந்து, கட்டின் ஓரம் ஈரமாகியிருந்தது.

"ஏசி நின்னுடுச்சும்மா. திரையில எங்க தொடறதுன்னு தெரியல. தூசி வரும்னு கதவையும் திறக்கல."

அவள் கணவனை அழைத்தாள்.

"ஏசிய ஃபோன்லேர்ந்து நீங்களா நிறுத்தினீங்க?"

"ஆமா. வண்டி சும்மா நிக்குது, ஏசி ஓடுது. மறந்துட்டியோன்னு நினைச்சேன். அறுபத்தொரு சதவீதம்தான் இருந்துச்சு."

"உள்ள எங்கப்பா இருந்தாரு."

ஆலை இரைச்சலுக்கு நடுவே அவன், "ஆபரேஷன் இன்னைக்கா?"

காலையில்தான் சொன்னாள். அவன் அப்போது சார்ஜர் விளக்கு பச்சையாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்கே திரும்பினாள். டாக்டர் கட்டைப் பிரித்து விளக்கடியில் பார்த்தார். சீருடையோடு ஓடிவந்த கணவன் வாசலோரம் நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லவேளை, வியர்வை உள்ள இறங்கல" என்றார் டாக்டர். "இனிமே இப்படி ஆகக் கூடாது."

"மன்னிச்சிடுங்க மாமா."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, இன்னொரு கண்ணு இருக்கே" என்றார் அப்பா.

அவள் கையை நீட்டினாள். "ஃபோனைக் குடுங்க."

கொடுத்தான். கார் செயலியை அவன் கண்முன்னாலேயே நீக்கினாள். "வண்டி எங்க நிக்குதுன்னு தெரியணும்னா இனிமே என்னைக் கேளுங்க. அதுவும் மரியாதையா."

திரும்பும்போது அவன் பின் இருக்கையில் இருந்தான். ஏசி முழு வேகத்தில் ஓடியது. திரையிலிருந்த சார்ஜ் சதவீதத்தைப் பார்க்க அவன் கழுத்தை நீட்டுவது கண்ணாடியில் தெரிந்தது.

"எவ்வளவு…" என்று ஆரம்பித்தான்.

அவள் காரை ஓரம் கட்டினாள்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை மாமாவுக்குச் சொட்டு மருந்து விடணும்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நீங்கதான் விடப் போறீங்க. அலாரம் வெச்சுக்குங்க, ஃபோன் அதுக்காவது உதவட்டும்."